நீ அனுப்பிய வண்ணச் சில்லுக்கு என் பதில்

மகனே,

இந்த உறைக்குள் நாலாக மடித்த பழைய காகிதம் ஒன்றும் இருக்கிறது. அதை இப்போதே பிரித்துவிடாதே. முதலில் கடிதத்தைக் கடைசி வரை படி. இப்படி நிபந்தனை போட எனக்கு உரிமை உண்டா என்பதைப் படித்து முடித்த பிறகு நீயே தீர்மானித்துக்கொள். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் பகலெல்லாம் பேசிவிட்டு வந்தால் வீட்டில் எனக்கு ஒரு புத்தகமும் ஜன்னலோர வெளிச்சமும் போதும். கப்பலில் ஒருவனுக்கு வரும் கடிதத்தை எல்லோருமாகச் சேர்ந்து உரக்கப் படிப்பீர்கள் என்று எழுதியிருந்தாய். இதையும் படித்துக்கொள்ளுங்கள். ஒளித்து வைத்ததன் பலனைத்தான் இதில் எழுதப் போகிறேன், ஆகவே இதை ஒளித்துப் படிக்கச் சொல்ல எனக்கு வாய் வராது.

உன் போன கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. உங்கள் இன்ஜினீயர் அதிகாரி உன்னைக் கூப்பிட்டு, கொதிகலன்களையும் டர்பைன்களையும் பற்றிய இரண்டு வருடப் படிப்புக்கு உன் பெயரை அனுப்பட்டுமா என்று கேட்டார் என்றும், படிப்பு முடிந்தால் இங்கிலாந்தில் கட்டிக்கொண்டிருக்கும் புதுக் கப்பலை எடுத்துவரப் போகிறவர்களில் நீயும் ஒருவனாக இருக்கலாம் என்றும் எழுதியிருந்தாய். அந்த இடத்தில் நிறுத்தி உன் அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் முகத்துச் சோப்பு நுரையோடு ஓடி வந்தார். அவருக்கு வாய்விட்டுப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அடுத்த வரியைப் பார்த்தேன். "நான் பெயர் கொடுக்கப் போவதில்லை, அம்மா. இந்தப் படிப்புக்கு மருத்துவச் சோதனை ரொம்பக் கடுமையாம். முதல் தடவை செங்கல்பட்டில் என் நெஞ்சில் என்னவோ கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார்களே, அது எங்கே போயிருக்கும்? ஒரு வருஷம் ஓடி ஓடி அதை மறைத்துத்தானே உள்ளே வந்தேன்? இப்போது போய் நின்றால் இருக்கிற வேலையும் போய்விடும்." இந்த மாதக் கடைசியோடு பெயர் கொடுக்கும் கெடு முடிகிறது என்றும் கீழே எழுதியிருந்தாய்.

உன் நெஞ்சில் ஒன்றும் இல்லை, மகனே. ஒருநாளும் இருந்ததில்லை. அது எனக்கு ஐந்து வருடமாகத் தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உனக்கு இரண்டு பிறந்தநாள் உண்டு. அதில் ஒன்றை நான்தான் எழுதினேன். என் அப்பா படாளத்தில் அடுத்தவர் நிலத்தில் உழுதவர். மிஷன் பள்ளிக்கூடம் இல்லாவிட்டால் நானும் அதே வரப்பில் நடந்திருப்பேன். எங்கள் குடும்பத்தில் முதலில் எழுத்துக் கற்றவள் என்பதால் எழுதப்பட்ட எதன் மேலும் எனக்கு அளவுக்கு மீறிய மரியாதை. பதினாறு வயதில் என்னை, ரயில்வே ஷெட்டில் இன்ஜின் துடைத்துக்கொண்டிருந்த உன் அப்பாவுக்குக் கட்டிவைத்தார்கள். பதினேழில் நீ பிறந்தாய். பிறகு டீச்சர் பயிற்சி முடித்து, செங்கல்பட்டு ஆரம்பப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தபோது உனக்கு நாலு வயதும் சொச்சமும். அப்பா வண்டியோடு போய்விடுவார். உன்னை விட்டுவிட்டுப் போக வீட்டில் ஆள் இல்லை. ஐந்து முடியாமல் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க முடியாது என்றார் தலைமையாசிரியை. நான் பதிவேட்டை வாங்கி, மை தொட்டு, உன்னைப் பதினொரு மாதம் முன்னதாகப் பிறக்க வைத்தேன். நம் ஊரில் பாதிப் பிள்ளைகள் ஜூன் மாதத்தில்தான் பிறந்திருக்கிறார்கள், எந்தப் பள்ளிக்கூடப் பதிவேட்டை வேண்டுமானாலும் புரட்டிப் பார். கோயிலில் பாதிரியார் எழுதிய ஞானஸ்நானப் பதிவேட்டில் மட்டும் உன் உண்மையான நாள் இருந்தது. அதை யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். கடைசியில் போய்ப் பார்த்தவளும் நான்தான்.

கடற்படைக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் நம் ஊரில் முகாம் போட்ட அன்று நீ வீட்டுக்குள் நுழைந்த வேகம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. செருப்பைக் கழற்றவில்லை. "நைனா! கணக்குல நான்தான் பஸ்ட்டு. ஓட்டத்துல ரெண்டாவது. டாக்டரும் பார்த்துட்டாரு" என்றாய். உன் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு எழுந்து, "டாக்டரு இன்னா சொன்னாரு?" என்றார். "ஒண்ணும் சொல்லல. ஆனா நெஞ்சுல அந்தக் கருவிய வச்சுகினு ரொம்ப நேரம் நின்னாரு" என்றாய். "உள்ள எதுனா பாட்டு கேட்டிருக்கும், நின்னிருப்பாரு" என்றார் அவர். "டீச்சரம்மா, கேட்டியா? நான் கரி அள்ளிப் போட்டு ரயிலு ஓட்டறேன். இவன் எண்ணெய ஊத்திக் கப்பலு ஓட்டப் போறான். இன்னா பெரிய வித்தியாசம்? தண்டவாளம் இல்லாத ரயிலு, அவ்ளோதான்." நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். நான் அடுப்படிக்குப் போனேன்.

பதினேழு நிறைந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. பள்ளிச் சான்றிதழ்படி உனக்குப் பதினேழு தாண்டி ஒரு மாதம். உண்மையில் பதினாறு முடிந்து இரண்டு மாதம். மறுநாள் பள்ளிக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் பாதிரியாரிடம் போய் ஞானஸ்நானச் சான்று வாங்கினேன். ஆள் எடுக்கும் அதிகாரிக்கு ஆங்கிலத்தில், மிக அழகான கையெழுத்தில், என் மகனுக்கு இன்னும் வயது வரவில்லை என்று எழுதி, சான்றையும் இணைத்து அனுப்பினேன். பதில் வந்தால் பள்ளிக்கூட முகவரிக்கு வரட்டும் என்றும் குறிப்பிட்டேன். அந்த ஒரு வரியில்தான் என் மனசாட்சி மாட்டிக்கொண்டது. நல்ல எண்ணத்தோடு எழுதியிருந்தால் வீட்டு முகவரியையே கொடுத்திருப்பேன்.

கடல் பயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான், மகனே. மாமல்லபுரத்தில் ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் உன்னை அலையில் இறக்கிவிட்டுக் கரையில் உட்கார்ந்து படித்தவள் நான். என் பயம் வேறு. உன் அப்பா நல்லவர், ஆனால் வாரத்தில் பாதி நாள் வண்டியில் இருப்பார், மீதி நாள் தூங்குவார். நான் படித்ததைப் பற்றி இந்த ஊரில் ஒருவரிடமும் வாயைத் திறந்ததில்லை, உன்னிடம் தவிர. எட்டு வயதில் நீ என்னோடு சண்டை போடுவாய், அந்தக் கதையில் அவன் திரும்பி வந்திருக்கக் கூடாது என்று. நீ போய்விட்டால் அந்தப் பேச்சு போய்விடும். உன்னை எனக்கென்று இன்னும் ஒரு வருடமாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக ஓர் உண்மையைப் பயன்படுத்திக்கொண்டேன். சொன்னது பொய்யாக இருந்திருந்தால் மறு மாதமே உன்னிடம் ஒப்புக்கொண்டிருப்பேன். அது உண்மையாக இருந்ததால்தான் இத்தனை வருடம் தலை நிமிர்ந்து நடக்க முடிந்தது. என் கடிதத்தில் நீ எடுத்துக்கொள்ளும்படியாக ஒரு புத்திமதி இருந்தால் அது இதுதான். உண்மையைச் சொல்லும்போதும் அது யாருக்காகச் சொல்லப்படுகிறது என்று ஒருமுறை உன்னையே கேட்டுக்கொள்.

பட்டியல் ஒட்டினார்கள். உன்னோடு போன மூன்று பேர் பெயர் இருந்தது, உன் பெயர் இல்லை. காரணம் யாரும் சொல்லவில்லை. டாக்டர் ரொம்ப நேரம் நின்றாரே, அதுதான் என்று நீயே ஒரு காரணத்தைக் கட்டிக்கொண்டாய். மறு வாரம் உன் தேர்வுத் தாளையே எனக்குப் பதிலாகப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அதைத்தான் இப்போது இந்த உறையில் வைத்திருக்கிறேன். அதை ஒரு தடித்த புத்தகத்தின் நடுவில் வைத்தேன். நீ ஓட ஆரம்பித்தாய். தினமும் விடிந்ததும் கொளவாய் ஏரிக்கரை வரை போய்த் திரும்புவாய். வியர்வை சொட்டச் சொட்ட வந்து நிற்பாய், நான் கேழ்வரகுக் கூழ் கரைத்துக் கொடுப்பேன். ஒரு நாள் குவளையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "ஏம்மா, இங்க கைய வச்சுப் பாரேன். ஒழுங்காத்தானே அடிச்சிகினு கீது?" என்றாய். நான் கை வைத்துப் பார்த்தேன். உன் நெஞ்சு குதிரை ஓடுவதுபோல அடித்தது. அப்போது சொல்லியிருக்கலாம். "அடிச்சிகினு கீது இல்லை, அடித்துக்கொண்டிருக்கிறது" என்று உன் தமிழைத் திருத்தினேன். நீ சிரித்துவிட்டுக் கூழைக் குடித்தாய். என் வாழ்க்கையில் நான் செய்த எதை நினைத்தாலும் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

அடுத்த வருடம் நீ போய் நின்றாய், எடுத்துக்கொண்டார்கள். இரண்டு தேதிப்படியும் உனக்கு வயது வந்திருந்தது. அதோடு அந்த விஷயம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு வருடம்தானே போயிற்று, அதில் நாம் சேர்ந்து எத்தனை புத்தகம் படித்தோம் என்று கணக்குச் சொல்லி என்னைத் தேற்றிக்கொண்டேன். நீ உன் உடம்பைப் பற்றி நம்பிக்கொண்டது ஒரு வருடத்தோடு முடியவில்லை என்பது உன் போன கடிதம் வரும் வரை எனக்குத் தெரியாது.

நீ கப்பலில் ஏறிய பிறகு நான் உன் கப்பலைப் படிக்க ஆரம்பித்தேன். வேறு எப்படி உன் பக்கத்தில் இருப்பது? மிஷன் நூலகத்தில் பழைய பொறியியல் பத்திரிகைகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. டெஸ்ட்ராயர் என்பதை நம் பத்திரிகைகள் நாசகாரி என்று எழுதுகின்றன. உன் அப்பா, "நாசம் பண்றதுக்கா இத்தினி வருஷம் சோறு போட்டோம்?" என்று கேட்டார். யுத்த காலத்தில் இந்தக் கப்பல்கள் பெரும்பாலும் செய்தது காவல் வேலை என்று படித்துக் காட்டினேன். மெதுவாகப் போகும் சரக்குக் கப்பல்களைச் சுற்றி, ஆட்டுமந்தையைச் சுற்றும் நாய்போல, முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்குமாம். அதற்காகத்தான் அதன் நீளம் அகலத்தைவிடப் பத்து மடங்கு. அதற்காகத்தான் அந்த உடம்பில் பாதிக்குக் கொதிகலனும் டர்பைனும். "அப்ப சரி, காவக்காரன்" என்று ஒப்புக்கொண்டார்.

சென்னைத் துறைமுகத்துக்கு உங்கள் கப்பல் வந்து, குடும்பத்தாரை ஏற்றிக் காட்டிய நாள் உனக்கு நினைவிருக்கும். நீ தூங்கும் இடத்தைக் காட்டினாய். தலைக்கு மேலே குழாய்கள், அவற்றுக்குக் கீழே வரிசையாகத் தொங்கும் தூளிகள். பிறந்ததிலிருந்து தூளியில் தூங்கவே அழுதவன் நீ. உன் அப்பா பக்கத்துச் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். "இன்னாடா இது, தகரம் மாரி கீது? இதுக்கு அந்தாண்ட இன்னா?" என்றார். "கடலு, நைனா" என்றாய். என் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத தகடு. நீ பொறுமையாகச் சொன்னாய். கவசம் போட்டால் கனம் கூடும், கனம் கூடினால் வேகம் போய்விடும், வேகம் போனால் அது டெஸ்ட்ராயரே இல்லை, திரும்பித் தப்பிக்கிற திறமைதான் அதற்குக் கவசம் என்று. நீ என்னவோ கப்பலைப் பற்றித்தான் சொன்னாய். ஞானஸ்நானச் சான்றை முன்னால் நீட்டி நான் தப்பித்துக்கொண்ட கடிதம் எனக்கு ஞாபகம் வந்தது. உன் அப்பா அதற்குள் கொதிகலன் அறைக்கு இறங்கிவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து முகமெல்லாம் எண்ணெயோடு ஏறி வந்தவரைப் பார்த்து உன் நண்பர்கள், "அண்ணாத்த, இங்கியே இருந்துடுங்க, ஆளு பத்தல" என்று கேலி செய்தார்கள். "தண்ணி மட்டம் பாக்கற கேஜு கண்ணாடிய இப்படியா அழுக்கா வச்சிருப்பீங்க? எங்க ஷெட்டா இருந்தா கைய ஒடிப்பாங்க" என்று பதிலுக்குத் திட்டிவிட்டு வந்தார். ரயிலில் திரும்பும் வழியெல்லாம் அதே பேச்சு.

பிறகு நீ அந்த வண்ணச் சில்லை அனுப்பினாய். பம்பாயில் கப்பலை மராமத்துக்கு ஏற்றியபோது, மூன்று மாதமாகச் சுத்தியலால் பழைய பெயிண்டைக் கொத்தி எடுப்பதுதான் உங்கள் வேலை என்று அலுத்துக்கொண்டு, ஒரு துண்டை உறைக்குள் போட்டிருந்தாய். அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அடியில் சிவப்பு ஈயப் பூச்சு, கப்பல் பிறந்த தளத்தில் பூசியது. அதன் மேல் வெள்ளையும் வெளிர் நீலமும், வடகடலின் மூடுபனியில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கப் பூசியவை என்று எழுதியிருந்தாய். அதற்கு மேல் கறுப்புச் சாம்பல், பிறகு வெளிர்ச் சாம்பல், யுத்தத்தின் கடைசியில் கிழக்குக்கு வந்தபோது. பிறகு ஒரு மங்கிய பூச்சு, யுத்தம் முடிந்து வேலையில்லாமல் துறைமுகத்தில் கட்டிக்கிடந்த காலம். அதற்கு மேலே அடுக்கடுக்காக நம்முடையது, கொடியும் பெயரும் மாறிய பிறகு பூசியவை. ஒரு கப்பலின் பிழைப்பு முழுவதும் என் நகத்தளவு துண்டில் இருந்தது. அதைப் பத்திரமாக வைக்க அலமாரியில் கைக்கு வந்த தடித்த புத்தகத்தைப் பிரித்தேன். அந்தக் காகிதம் இருந்த பக்கமே திறந்தது. சில்லை அதன் மேலேயே வைத்து மூடினேன். அன்றும் எழுதவில்லை.

மராமத்து முடியும் தறுவாயில் நீ எழுதிய ஒரு விஷயத்தை நான் என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடமாகவே சொன்னேன். புதிதாக ராடார் கருவியை உயரத்தில் ஏற்றுவதற்கு முன் கப்பலின் உண்மையான எடையையும் அது எந்த உயரத்தில் கூடியிருக்கிறது என்பதையும் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்றாய். கொத்தனார் வைத்திருப்பதுபோல ஒரு தூக்குக்குண்டை, ஆனால் மிகப் பெரியதை, கப்பலின் வயிற்றுக்குள் நீளக் கயிற்றில் தொங்கவிட்டார்கள். மேல்தளத்தில் இரும்புக் கட்டிகளை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தினார்கள். குண்டு எவ்வளவு விலகுகிறது என்று அளந்தார்கள். அந்த நேரத்தில் கப்பலில் இருந்த ஒருவரும் அசையக் கூடாது, தும்மக்கூட யோசித்தோம் என்று எழுதியிருந்தாய். முடிவில் பார்த்தால், காகிதத்தில் எழுதியிருந்த எடை வேறு, கப்பலின் எடை வேறு. பல வருடங்களாக ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை ஏற்றி வைத்திருக்கிறார்கள், அதில் ஒரு பங்கு வெறும் பெயிண்ட். உண்மை தெரிந்த பிறகுதான் மேலேயிருந்து வேண்டாத கனத்தை இறக்கி, அடியில் இரும்பு வைத்துச் சமன் செய்து, ராடாரை ஏற்ற முடிந்தது. தெரியாமல் ஏற்றியிருந்தால் ஒரு பெரிய அலையில் கவிழ்ந்திருக்கும். பிள்ளைகள் கேட்டார்கள், "டீச்சர், மொதல்லயே ஏன் நிறுத்துப் பார்க்கல?" என்று. நான் கரும்பலகையை அழிக்கத் திரும்பிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிவாக்கில் மாமல்லபுரத்தைத் தாண்டி வடக்கே போவோம், கரையை ஒட்டி வந்தால் கலங்கரை விளக்கம் தெரியும், முடிந்தால் வந்து நில்லுங்கள் என்று வெள்ளிக்கிழமை வந்த கடிதத்திலேயே எழுதியிருந்தாய் அல்லவா? வந்து நின்றோம். ஞாயிறு ஜெபத்துக்குக்கூடப் போகவில்லை. முதல் பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வழியாக வந்து, கடற்கரைக் கோயிலுக்குத் தெற்கே, மீனவர்கள் கட்டுமரம் ஏற்றி வைக்கும் இடத்தில் நின்றோம். உன் அப்பா இஸ்திரி போட்ட கால்சட்டையும் சட்டையுமாக வந்திருந்தார். நீ ஏதோ அவரைப் பார்த்துவிடப் போவதுபோல. வலையைப் பிரித்து உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர், "இன்னா சார், காத்து வாங்க வந்தீங்களா?" என்றார். "எம்புள்ள கப்பலு வருது" என்றார் உன் அப்பா. "புள்ளையே வாங்கிட்டானா?" என்று அவர் கேட்க, "இல்லபா, அதுல நெருப்பு போடறான். நான் ரயிலுல போடறேன். வம்சத்துக்கே அதான் வேலை" என்றார்.

அப்புறம் அது தெரிந்தது. தெற்கே ஒரு சாம்பல் கோடு, பிறகு கூர்மையான மூக்கு, அதன் கீழே வெள்ளையாக இரண்டு பக்கமும் கிழிந்து போகும் தண்ணீர். வலைக்காரர் நெற்றியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னா சார், நெருப்பு போடறான்றீங்க, பொகையே காணோமே? தூங்கிட்டானா?" என்றார். உன் அப்பா அவர் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "அதான்யா வேலை! பொகை வந்தா எண்ணெ வீணாவுதுன்னு அர்த்தம். எண்ணெயும் காத்தும் அளவா போவணும். இருபது வருஷமா கரி போடறேன், எனக்கே அப்படி சுத்தமா எரிய வைக்க வராது. பாரு, ஒரு பொட்டு பொகை இருக்குதா பாரு!" தெளிந்த வானத்தில் புகைபோக்கியின் மேல் காற்று மட்டும் நடுங்கியது. அந்த நெருப்புக்குப் பக்கத்தில் நீ நிற்கிறாய், உன் வேலையைக் கரையிலிருக்கிற ஒரு ரயில்காரர் பார்த்துப் பெருமைப்படுகிறார், நீயோ நெஞ்சில் கோளாறு உள்ளவன் என்று நம்பிக்கொண்டு பெயர் கொடுக்காமல் இருக்கிறாய். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கப்பல் இன்னும் கண்ணில் இருக்கும்போதே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கப்பலையே பார்த்துக்கொண்டு கேட்டார். முடித்த பிறகும் திரும்பவில்லை. "அவன் ஏரிக்கு ஓடிகினு இருக்கசொல்லோ நீ இன்னா பண்ணிகினு இருந்த?" என்றார். "கூழ் கரைத்துக் கொடுத்தேன்" என்றேன். "நானும் கூட நின்னு கைய தட்டிகினு இருந்தேனே, ஓடுடா ஓடுடான்னு" என்றார். பிறகு என்னை விட்டுவிட்டு நடந்து போய், இஸ்திரி போட்ட கால்சட்டை முழங்கால் வரை நனைய அலையில் நின்றார். வலைக்காரர் என்னைப் பார்த்தார், நிழலாக இருந்த இடத்தைக் காட்டி, "குந்துங்கம்மா" என்றார். கப்பல் கோவளம் பக்கம் சிறுத்து மறையும் வரை உன் அப்பா தண்ணீரில்தான் நின்றார். திரும்பி வந்தபோது கோபம் இருந்தது, ஆனால் குரல் தணிந்திருந்தது. "எழுது. அந்தப் பேப்பரையும் வச்சு அனுப்பு" என்றார். "அவன் கோவிச்சுக்குவான்" என்றேன். "கோவிச்சுக்கட்டும். கோவத்தோடவே போயி பேரு குடுக்கட்டும். அது போதும் எனக்கு." பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். திருக்கழுக்குன்றத்தில் இறங்கி வேர்க்கடலை வாங்கி வந்து, பொட்டலத்தைப் பிரித்து, பாதியை என் மடியில் கொட்டினார்.

ஆகவே எழுதிவிட்டேன். இனி உன் கையில் இருக்கிறது. நீ கோபப்படுவதற்கு எல்லா நியாயமும் உண்டு. அதை அடக்கிக்கொண்டு எனக்கு நல்ல பிள்ளையாகப் பதில் எழுத வேண்டாம், கோபத்தை உள்ளபடியே எழுது, நான் படிப்பேன். ஒரு வருடத்துக்குக் கடிதம் வேண்டாம் என்று தோன்றினால் அதையும் ஒரு வரியில் எழுதிவிடு. நீ தூரத்தில் இருந்தாலும் உன்னோடு பேச முடிகிறது என்பதை இந்த நாலு வருடங்களும் எனக்குக் காட்டிவிட்டன. உன் தூளியில் படுத்து நீ படித்த புத்தகங்களைப் பற்றி எழுதிய கடிதங்கள் நம் வீட்டில் நாம் பேசியதைவிட நன்றாகவே இருந்தன. நான் எதை இழந்துவிடுவேன் என்று பயந்து உன்னைப் பிடித்து வைத்தேனோ, அது நீ போன பிறகுதான் எனக்கு முழுதாகக் கிடைத்தது. அந்தப் பயத்துக்கு அவசியமே இருந்ததில்லை. நாளைக்கு உனக்கு ஒரு மகளோ மகனோ பிறந்து, கதவைத் திறந்துகொண்டு செருப்போடு ஓடி வந்து எதையாவது சொன்னால், அடுப்படிக்குப் போகாதே. அங்கேயே நில்.

படிவத்தில் பிறந்த தேதி கேட்பார்கள். உன் பதிவுகளில் பள்ளிக்கூடத் தேதிதான் இருக்கிறது. அதைத் திருத்த முடியுமா, திருத்த வேண்டுமா என்று உங்கள் இன்ஜினீயர் அதிகாரியிடமே கேள். ஞானஸ்நானச் சான்றின் நகலையும் வைத்திருக்கிறேன். பதிவேட்டில் மாற்றி எழுதியது என் அம்மா என்று சொல்லத் தயங்காதே. அவர் கோபித்துக்கொண்டால் எனக்கு எழுதச் சொல். இந்த முறை வீட்டு முகவரியைக் கொடு.

பகல் வண்டிக்கு உன் அப்பா தயாராகிவிட்டார். கெடுவுக்கு நாள் குறைவு என்பதால் இந்தக் கடிதத்தைத் தெருமுனைத் தபால் பெட்டியில் போட அவருக்கு மனமில்லை. அவர் ஓட்டப்போகும் வண்டியிலேயே தபால் ஏற்றும் ரயில்பெட்டி ஒன்றைக் கோத்திருக்கிறார்களாம். அதில் தன் கையாலேயே கொடுத்துவிட்டு, எழும்பூர் வரை தானே இழுத்துக்கொண்டு போவாராம். "டீச்சரம்மா, இன்னும் எத்தினி பக்கம்? அங்க இன்ஜின்ல தண்ணி கொதிச்சிகினு கீது" என்று வாசலிலிருந்து கத்துகிறார். இன்று அவரும் புகையில்லாமல் எரித்துப் பார்க்கப் போகிறாராம். நிலக்கரியில் அது ஆகாத காரியம் என்று அவருக்கே தெரியும்.

இப்போது அந்தக் காகிதத்தைப் பிரி. மேலே உன் பெயர், கீழே கணக்கு, அதற்குக் கீழே ஓட்டம். வயதைப் பற்றிய வரி கடைசியில் இருக்கிறது, அது என்னால் வந்தது, அதை விட்டுவிடு. நடுவில் மருத்துவப் பரிசோதனை என்று இருக்கிறதே, அதற்கு நேராக அந்த டாக்டர் தன் கையெழுத்தில் எழுதியிருப்பதைப் படி. "இருதயம் மிக நன்று. இவ்வளவு நிதானமான துடிப்பை அரிதாகவே கேட்டிருக்கிறேன்."

அதனால்தான் அவர் அவ்வளவு நேரம் நின்றிருக்கிறார், மகனே. போய்ப் பெயர் கொடு.

உன் அம்மா